ட்ரோன் தாய்க்கப்பல் கட்டுவோர் கனெக்டரிலிருந்து தொடங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினி விளையாட்டு என்றாலே நம் நாளிதழ்களில் கண் கெடும், படிப்பு கெடும் என்ற இரண்டு செய்திகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கட்டி, ஓட்டி, உடைந்ததைப் பார்த்துத் திருத்தும் விளையாட்டுகளையும் அந்தக் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். ஸ்பேஸ் இன்ஜினியர்ஸ் அப்படிப்பட்ட ஒன்று. பிராக் நகரில் இயங்கும் கீன் சாஃப்ட்வேர் ஹவுஸ் நிறுவனம் 2013 அக்டோபரில் முன்னோட்டமாக வெளியிட்டு, 2019 பிப்ரவரியில் முழுமையாக்கிய விளையாட்டு. விண்கலத்தைப் பிளாக் பிளாக்காக அடுக்கிக் கட்ட வேண்டும். எடை, உந்துவிசை, மின்சாரம், எரிபொருள் எல்லாம் கணக்கில் வரும்.

இதில் மாணவர்கள் ஆசையோடு தொடங்கிப் பாதியில் விட்டுவிடும் வேலை ஒன்று உண்டு: ட்ரோன்களைச் சுமந்து செல்லும் தாய்க்கப்பல். பெரும்பாலானவர்கள் ட்ரோன் வெளியே பாயும் வாசலை முதலில் கட்டுகிறார்கள். அது திரும்பி வந்து பூட்டிக்கொள்ளும் இடத்தைக் கடைசியில் எங்காவது செருகுகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே என் கருத்து. தொழில்நுட்பப் பக்கங்களில் இந்த அளவு நுணுக்கத்தோடு எழுதினால் பிள்ளைகள் படிப்பார்கள் என்ற நம்பிக்கையில் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தவறான பழக்கம். ஐஎன்எஸ் விக்ராந்த் 2022 செப்டம்பர் 2ஆம் தேதி கொச்சியில் கடற்படையில் சேர்க்கப்பட்டபோது அதன் மூக்குப் பக்கம் மேல்நோக்கி வளைந்திருக்கும் ஓடுதளத்தை எல்லோரும் படத்தில் பார்த்தோம். அமெரிக்காவின் ஜெரால்ட் ஆர். ஃபோர்டு கப்பலில் மின்காந்தக் கவண்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு விண்வெளித் தாய்க்கப்பலுக்கும் நீண்ட ஓடுதளமும் கவணும் வைக்கிறார்கள். விமானத்துக்குக் கவண் எதற்கு? இறக்கை காற்றைப் பிடித்துத் தூக்கும் அளவுக்கு, குறுகிய தூரத்தில் வேகம் வேண்டும், அதற்குத்தான். விண்வெளியில் இறக்கைக்கு வேலையே இல்லை. அங்கே ஏவுதல் என்றால், சுவரில் உரசாமலும் சுவரைச் சுட்டுவிடாமலும் கப்பலை விட்டு விலகுவது. வேகமெல்லாம் அதன் பிறகு.

அளவுகளிலிருந்து தொடங்குவோம். பிளாக்குகளை அடுக்கும் கட்டச் சட்டத்துக்குக் கிரிட் என்று பெயர். பெரிய கிரிட்டில் ஒரு பிளாக் 2.5 மீட்டர். சின்ன கிரிட்டில் 0.5 மீட்டர். தாய்க்கப்பல் பெரிய கிரிட், ட்ரோன் சின்ன கிரிட் என்பதே வழக்கம். ட்ரோன் 7 பிளாக் அகலம் என்றால் 3.5 மீட்டர். அதற்கு இரண்டு பெரிய பிளாக் அகலத்தில், அதாவது 5 மீட்டரில் அறை விட்டால் இருபுறமும் 75 சென்டிமீட்டர்தான் மிஞ்சும். போகும்போது போய்விடும், வரும்போது இடிக்கும். மூன்று பிளாக் விட்டால் 7.5 மீட்டர், இருபுறமும் 2 மீட்டர். அந்த ஒரு பிளாக்கைக் கஞ்சத்தனம் செய்யாதீர்கள். அறையைக் காற்றடைப்பு உள்ளதாகக் கட்ட வேண்டிய அவசியமும் இல்லை. ட்ரோன் மூச்சு விடுவதில்லை. கவசச் சுவருக்குள் உள்வாங்கிய, கீழ்ப்புறம் திறந்த குழி போதும். கதவு வைத்தே தீருவேன் என்பவர்கள், அது முழுதாகத் திறந்ததை ஈவென்ட் கன்ட்ரோலர் பிளாக் (நிபந்தனை ஒன்றைக் கவனித்து, அதன்படி கட்டளை தருவது) உறுதி செய்த பிறகே ட்ரோனை அவிழ்க்கும்படி அமைக்க வேண்டும்.

பூட்டுவதற்கு மூன்று பிளாக்குகள் இருக்கின்றன: கனெக்டர், மெர்ஜ் பிளாக், லேண்டிங் கியர். கனெக்டர் பூட்டிக்கொண்டு மின்சாரம், எரிபொருள், சரக்கு எல்லாவற்றையும் கடத்தும். லேண்டிங் கியர் பிடித்துக்கொள்ளும், ஆனால் மின்சாரமோ எரிபொருளோ கடத்தாது. மெர்ஜ் பிளாக் இரண்டு கலங்களையும் ஒரே கலமாக்கிவிடும். ஆட்டமே இருக்காது. ஆனால் ஒரே அளவு கிரிட்டுகளைத்தான் இணைக்கும். பெரிய கப்பலில் சின்ன மெர்ஜ் பிளாக் வேண்டுமென்றால், ரோட்டரில் (சுழலும் மூட்டு) சின்னத் தலையைச் சேர்த்து அதன்மேல் வைக்க வேண்டும். இணைந்த பிறகு ட்ரோனின் த்ரஸ்டர்கள் (உந்து இன்ஜின்கள்) கப்பலின் த்ரஸ்டர்களாகிவிடும், எடைமையமும் நகரும். பிரியும்போது எந்தத் துண்டு எந்தப் பெயரைத் தக்கவைக்கும் என்பதை நம்பவும் முடியாது. போனால் திரும்பாத டார்பிடோவுக்கு மெர்ஜ் பிளாக் அருமை. திரும்பி வர வேண்டிய ட்ரோனுக்குக் கனெக்டர்தான். பெரிய கனெக்டரும் சின்ன கனெக்டரும் தாராளமாகப் பூட்டிக்கொள்ளும். சின்ன கிரிட்டில் எஜெக்டர் என்று ஒன்று உண்டு. பார்க்கக் கனெக்டரின் குட்டிபோல இருக்கும், பொருளை வெளியே தள்ளும், பூட்டாது. அதைப் பொருத்திவிட்டு ஏன் பூட்டவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்வோர் இன்றும் இருக்கிறார்கள்.

கனெக்டரும் லேண்டிங் கியரும் ஒரே நேரத்தில் பூட்டியிருக்கக் கூடாது. இரண்டு பிடிகள் ஒரே ட்ரோனை இரண்டு விதமாக இழுக்கும்போது இயற்பியல் கணக்கு தடுமாறும். ட்ரோன் நடுங்க ஆரம்பிக்கும், பிறகு வெடித்துச் சிதறும். விளையாடுவோர் இதற்குக் 'கிளாங்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். லேண்டிங் கியர் இருந்தே ஆக வேண்டுமானால் அதன் தானியங்கிப் பூட்டை அணைத்து வையுங்கள்.

இனி இந்த அமைப்பின் உயிர்நாடி. ட்ரோன் பூட்டியதும் அதன் பேட்டரிகள் 'ரீசார்ஜ்' நிலைக்கும், ஹைட்ரஜன் டாங்க் 'ஸ்டாக்பைல்' (நிரப்பிக்கொள்ளும், வெளியே விடாத) நிலைக்கும் மாற வேண்டும். த்ரஸ்டர்கள் அணைய வேண்டும். அணையாவிட்டால் கப்பல் நகரும்போது ட்ரோனின் வேகத்தணிப்பு (கலத்தைத் தானாக நிறுத்தப் பார்க்கும் வசதி) பிரேக் பிடிக்கும். கிளம்பும்போது எல்லாம் எதிர்ப்பக்கம் மாற வேண்டும். இதைக் கப்பலில் உள்ள டைமர் பிளாக்கில் (குறித்த நேரம் கழித்துக் கட்டளைகளை இயக்குவது) எழுதுவதுதான் முதல் தவறு. கப்பலின் டைமர் பட்டையில் சேர்ப்பது குறிப்பிட்ட ஒரு ட்ரோனின் குறிப்பிட்ட பேட்டரியை. அந்த ட்ரோன் அழிந்து, அதே வரைபடத்தில் புதிது ஒன்று வந்து பூட்டினால் கட்டளை யாரையும் சென்றடையாது. ட்ரோனின் வேலையை ட்ரோனே செய்ய வேண்டும்.

அமைப்பு இதுதான். ட்ரோனில் ஓர் ஈவென்ட் கன்ட்ரோலர், மூன்று டைமர். ஈவென்ட் கன்ட்ரோலரில் 'கனெக்டர் பூட்டியது' என்ற நிபந்தனையைத் தேர்ந்து, ட்ரோனின் கனெக்டரைச் சேர்க்க வேண்டும். முதல் கட்டத்தில், நிபந்தனை மெய்யானால் 'நிறுத்து' டைமர். இரண்டாம் கட்டத்தில், பொய்யானால் 'கிளம்பு' டைமர். 'நிறுத்து' டைமர் த்ரஸ்டர், ஜைரோ (கலத்தைத் திருப்புவது), தானோட்டி ஆகியவற்றை அணைத்து, பேட்டரியை ரீசார்ஜுக்கும் டாங்கை ஸ்டாக்பைலுக்கும் மாற்றும். 'கிளம்பு' டைமர் பேட்டரியை ஆட்டோவுக்கு (தேவைக்கேற்ப வாங்கவும் கொடுக்கவும் செய்யும் நிலை) கொண்டுவந்து, ஸ்டாக்பைலை எடுத்து, ஜைரோவை இயக்கி, மூன்றாவது டைமரை ஓடவிடும். அந்த மூன்றாவது டைமர் 8 வினாடி கழித்து த்ரஸ்டரையும் தானோட்டியையும் இயக்கும். ஒரு டைமரில் போட்ட கட்டளைகள் எல்லாம் ஒரே நொடியில் நடந்துவிடும் என்பதால்தான், இடைவெளி வேண்டிய இடத்தில் இன்னொரு டைமர். கப்பலின் பக்கம் செய்ய வேண்டியது ஒன்றே: தன் கனெக்டரை அவிழ்ப்பது. மற்றதை ட்ரோன் புரிந்துகொள்ளும். இந்த அமைப்பு வரைபடத்தோடு சேர்ந்தே போவதால், பத்து ட்ரோன் அச்சிட்டாலும் பத்தும் ஒரே மாதிரி நடக்கும்.

இத்தனையும் சரியாகச் செய்தவர்களையும் கவிழ்க்கும் குழி ஒன்று இருக்கிறது. கனெக்டர் அவிழும் அந்தக் கணத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ட்ரோனின் எல்லாப் பேட்டரிகளும் ரீசார்ஜில் இருக்கின்றன. ரீசார்ஜில் உள்ள பேட்டரி வாங்கும், கொடுக்காது. இதுவரை கப்பல் மின்சாரம் தந்துகொண்டிருந்தது. அவிழ்ந்ததும் அது நின்றது. பேட்டரியை ஆட்டோவுக்கு மாற்ற வேண்டிய ஈவென்ட் கன்ட்ரோலருக்கும் டைமருக்கும் அதே பேட்டரிதான் மின்சாரம் தர வேண்டும். தராது. ட்ரோன் விளக்கணைந்து, முழு மின்சாரத்தையும் வயிற்றில் வைத்துக்கொண்டு செத்து மிதக்கும். தீர்வு மிகச் சின்னது: ஒரே ஒரு பேட்டரியை எப்போதும் ஆட்டோவில் விடுங்கள். அதை ரீசார்ஜ் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம். கப்பலுக்கு மின்பற்றாக்குறை வந்தால் அந்த ஒன்று கப்பலுக்கு மின்சாரம் கொடுத்துத் தானே வடியும் என்பது உண்மை. ஆகவே கப்பலின் சொந்த உற்பத்தி தேவையைவிடக் கூடுதலாகவே இருக்க வேண்டும். ஸ்டாக்பைலிலும் இதே கதை. டாங்க் 100 சதவீதம் காட்டும், ஹைட்ரஜன் த்ரஸ்டர் எரியாது. அளவைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

கப்பலின் கனெக்டரை வெறுமனே அவிழ்த்தால் போதாது. அவிழ்ந்த பிறகும் இரண்டு கனெக்டர்களும் எதிரெதிரே ஒட்டித்தான் நிற்கும், மஞ்சள் விளக்கு எரியும், காந்தம் பிடித்திருக்கும். ட்ரோனில் 'பூட்டத் தயார்' என்றால் தானே பூட்டும்படி இன்னொரு ஈவென்ட் கன்ட்ரோலர் வைத்திருந்தால் அவிழ்த்த வேகத்தில் மறுபடி பூட்டிக்கொள்ளும். எனவே கப்பலின் டைமரில் முதல் கட்டளை அவிழ், இரண்டாவது கட்டளை கனெக்டரை அணை. 15 வினாடி கழித்து இன்னொரு டைமர் அதைத் திரும்ப இயக்கட்டும்.

அந்த 8 வினாடி எதற்கு என்று கேட்கலாம். உலக அமைப்பில் த்ரஸ்டர் சேதம் இயங்கினால், தீப்பிழம்பு படும் பிளாக்குகள் உருகும். குழிக்குள் த்ரஸ்டரை எரித்தால் நான்கைந்து ஏவலில் கனெக்டரே போய்விடும். த்ரஸ்டர் அணைந்த நிலையில் ட்ரோன் எப்படி வெளியே வரும்? ட்ரோன் வர வேண்டாம், கப்பல் விலகட்டும். கப்பல் ஓரிடத்தில் நிற்கும்போது கனெக்டரை அவிழ்த்து, கப்பலை மேல்நோக்கி வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் நகர்த்துங்கள். ட்ரோன் இருந்த இடத்திலேயே நிற்கும், குழி அதைவிட்டு மேலே போகும். குழியின் ஆழமும் ட்ரோனின் உயரமும் சேர்ந்து 10 மீட்டர் என்றால் 5 வினாடி. கப்பல் வேகமெடுக்க ஆகும் நேரத்தையும் சேர்த்து 8. எல்லாக் குழிகளிலும் உள்ள ட்ரோன்கள் ஒரே நேரத்தில், ஒன்றோடொன்று மோதாமல், வரிசை குலையாமல் வெளிவரும். கோளின் ஈர்ப்பு விசைக்குள் இது செல்லாது. அங்கே அவிழ்ந்த ட்ரோன் உடனே விழத் தொடங்கும். அதையே ஏவலாக்கிக்கொண்டு, தாமதத்தை 2 வினாடியாகக் குறைக்க வேண்டும்.

பிஸ்டனால் தள்ளுவதும் நல்ல வழிதான். பெரிய பிஸ்டன் 10 மீட்டர் நீளும், அதன் வழியே கன்வேயரும் (சரக்குக் குழாய்) போகும். கனெக்டரைப் பிஸ்டன் நுனியில் வைத்து வினாடிக்கு 0.5 மீட்டர் வேகத்தில் நீட்டினால் 20 வினாடியில் ட்ரோன் வெளியே நிற்கும். அதிகபட்ச வேகமான 5 மீட்டரில் தள்ளினால் முனையில் குலுங்கும், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூன்று பிஸ்டன் அடுக்கியிருந்தால் கேட்கவே வேண்டாம். இதன் பெரிய லாபம் திரும்பும்போது கிடைக்கிறது. ட்ரோன் குழிக்குள் நுழைய வேண்டியதில்லை, வெளியே நீட்டிய கையில் பூட்டிக்கொள்ளும், பிஸ்டன் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். நான் தேர்வு செய்தால் இதைத்தான் தேர்வு செய்வேன்.

ஈர்ப்பு விசை ஜெனரேட்டரால் எறிவது பார்க்க அழகு. ஜெனரேட்டரின் புலம் வெறும் ட்ரோனை அசைக்காது. ட்ரோனில் ஆர்டிஃபிஷியல் மாஸ் (செயற்கை எடை) பிளாக் இருந்தால்தான் விசை ஏறும், அதுவும் ட்ரோனின் மொத்த எடையால் வகுபட்டுக் குறையும். புலத்தைக் குழியின் அளவுக்கு மட்டும் சுருக்கி வையுங்கள். திரும்பி வரும்போது ஜெனரேட்டரை அணைக்க மறந்தால், எறிந்த அதே கை வந்த ட்ரோனை வெளியே தள்ளும்.

ஓடும் கப்பலிலிருந்து ஏவுவதைப் பற்றிக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். ட்ரோனின் வேகத்தணிப்பு, உலகத்தோடு ஒப்பிட்டு வேகத்தைப் பூஜ்யமாக்கப் பார்க்கும். கப்பல் வினாடிக்கு 80 மீட்டரில் போகிறது, ட்ரோனின் தணிப்பும் த்ரஸ்டரும் இயங்கியபடியே அவிழ்கிறது, தணிப்பு ஒவ்வொரு வினாடியும் வேகத்தை வினாடிக்கு 5 மீட்டர் குறைக்கிறது என்று வையுங்கள். 2 வினாடியில் ட்ரோன் கப்பலைவிட 10 மீட்டர் பின்தங்கும், குழியின் பின்சுவரை வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் அடிக்கும். மோதியது ஏன் என்று பலர் கடைசி வரை கண்டுபிடிப்பதில்லை. இயல்பான வேக வரம்பு வினாடிக்கு 100 மீட்டர், பெரிய கலத்துக்கும் சின்ன கலத்துக்கும் அதே வரம்பு. 100இல் ஓடும் கப்பலின் முன்புறம் ட்ரோனை ஏவினால் அது முந்திப் போக இடமே இல்லை. அதே காரணத்தால், அந்த வேகத்தில் போகும் கப்பலைப் பின்னாலிருந்து பிடிக்கவும் முடியாது. ஏவும்போதும் அழைக்கும்போதும் கப்பலை நிறுத்திவிடுங்கள். கைப்பட ஓட்டுவோருக்குக் கண்ட்ரோல்-இசட் அழுத்தி, கப்பலின் வேகத்தையே அடிப்படையாக வைத்துத் தணிக்கும் வசதி இருக்கிறது.

திரும்பி வருவதில் முதல் கணக்கு பிரேக் தூரம். 40 டன் ட்ரோன், முன்னோக்கிய த்ரஸ்டர்களின் விசை 200 கிலோநியூட்டன் என்றால் ஒவ்வொரு வினாடியும் வேகம் வினாடிக்கு 5 மீட்டர் குறையும். 100 மீட்டர் வேகத்திலிருந்து நிற்க 1,000 மீட்டர் வேண்டும். அதே ட்ரோன் தாது அள்ளிக்கொண்டு 80 டன்னாகத் திரும்பினால் 2,000 மீட்டர். காலி ட்ரோனை வைத்துச் சோதித்துவிட்டு எல்லாம் சரி என்று நினைப்பவர்களின் கப்பலில்தான் ஓட்டை விழுகிறது. சோதனையைச் சுமையோடு செய்யுங்கள்.

ரிமோட் கண்ட்ரோல் பிளாக்கில் ஏற்றும் ஜிபிஎஸ் புள்ளி உலகத்தில் நிலையான ஓரிடம். கப்பல் நகர்ந்துவிட்டால் ட்ரோன் வெற்றிடத்தில் போய் நிற்கும். நிலையாக நிற்கும் கப்பலுக்கு இரண்டு கட்டமாகப் பிரியுங்கள். தொலைவிலிருந்து கப்பலுக்கு 200 மீட்டர் வரை மோதல் தவிர்ப்பு இயங்கட்டும். அதன்பிறகு அதை அணைக்க வேண்டும், ஏனென்றால் அதன் கண்ணில் தாய்க்கப்பலும் ஒரு தடைதான், நெருங்க விடாது. கடைசிக் கட்டத்தில் துல்லிய முறையை இயக்கி வேகத்தை 5 மீட்டருக்கும், கடைசி 20 மீட்டரில் 1 அல்லது 2 மீட்டருக்கும் இறக்குங்கள். 2023இல் வந்த ஏஐ பிளாக்குகளில் உள்ள ரெக்கார்டர் இந்தப் பாதையை ஒருமுறை ஓட்டிக் காட்டினால் பதிந்துகொள்ளும். ஓடும் கப்பலுக்கு ப்ரோகிராமபிள் பிளாக்கில் சி ஷார்ப் ஸ்கிரிப்ட்தான் வழி, அதற்கு எக்ஸ்பெரிமென்டல் முறை இயங்க வேண்டும். ஸ்கிரிப்ட் எழுதுவோருக்கு ஓர் எச்சரிக்கை: பூட்டிய ட்ரோன்களின் பிளாக்குகளும் கப்பலின் பட்டியலில் தெரியும். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் கப்பலின் பேட்டரியோடு ஆறு ட்ரோன்களின் பேட்டரியும் சேர்ந்து மாறும். கிடைத்த பிளாக் அதே கலத்தைச் சேர்ந்ததா என்று சோதிக்கும் ஒரு வரி கட்டாயம்.

கையால் ஓட்டுவதானால் ட்ரோனின் கனெக்டரை ஒட்டியே, அது பார்க்கும் திசையில் ஒரு கேமரா. இது இல்லாமல் பூட்டுவது இருட்டில் ஊசியில் நூல் கோப்பது.

பூட்டிய பிறகு சரக்கு தானாக நகரும் என்பதையும் மறக்க வேண்டாம். ட்ரோனின் சரக்குப் பெட்டியிலிருந்து கப்பலின் ரிஃபைனரி தாதுவை இழுக்கும். நல்லது. ட்ரோனில் ரியாக்டர் இருந்தால் அது கப்பலின் யுரேனியத்தை இழுத்துக்கொண்டு போய்விடும். அதன் கன்வேயர் பயன்பாட்டை அணைத்து வையுங்கள். ப்ரொஜெக்டரும் (வரைபடத்தை ஒளியாகக் காட்டுவது) வெல்டரும் (அதைப் பற்றவைத்துக் கட்டுவது) வைத்துக் கப்பலிலேயே ட்ரோன் அச்சிடுவோர், புதிதாகப் பிறந்ததில் ஹைட்ரஜனும் இருக்காது குண்டும் இருக்காது என்பதால், அச்சு மேடையிலேயே ஒரு கனெக்டர் வைத்து நிரப்பிய பிறகு அவிழ்க்க வேண்டும்.

2025 ஜனவரியில் முன்னோட்டமாக வந்த இரண்டாம் பாகத்தில் பெரிய, சின்ன கிரிட் என்ற பிரிவே இல்லை. 25 சென்டிமீட்டர் கட்டத்தில் எல்லாம் ஒன்றாகிவிட்டன. மேலே சொன்ன அளவுகள் முதல் பாகத்துக்கானவை. கோடை விடுமுறையில் கட்டத் தொடங்கும் மாணவர்கள் வெற்று உலகம் ஒன்றைத் திறந்து, ஒரு கனெக்டர், ஒரு ட்ரோன், மூன்று டைமர் மட்டும் வைத்து, இருபது முறை அவிழ்த்துப் பூட்டிப் பார்க்கட்டும். இருபதும் பிசகாமல் நடந்த பிறகு அந்தக் கனெக்டரைச் சுற்றிக் கப்பலைக் கட்டலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கோவை